அறுபத்திரண்டு வீட்டு லைன்

ஜூன் 3

பல் தேய்க்கும் முன்பே மூன்று போன். மேற்குத் தெருவில் நெட் இல்லையாம். போய்ப் பார்த்தால் வழக்கம்போல் கொண்டுசாமி மாமா வீட்டு முன்னால்தான் கோளாறு. நாலு வருஷம் முன்பு, கண்மாய் மராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வருவது மாதிரி, இன்டர்நெட் லைனுக்கும் ஒவ்வொரு வீடும் தன் வாசல் நீளத்துக்குக் குழி தோண்ட வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. ஓடைக்குளத்தில் அறுபத்தொரு வீடு நேராகத் தோண்டியது. இந்த மனிதர் மட்டும் முருங்கை வேர் அறுந்துவிடும் என்று வளைத்துத் தோண்டினார். அந்த வளைவில் கேபிளுக்குள் ஓடும் கண்ணாடி நூல் வருஷத்துக்கு நாலு தடவை முறிகிறது.

இந்த லைனை நடத்தும் ஊர்ச் சங்கத்துக்குச் செயலாளரும் நான், லைன் ஒட்டுகிறவளும் நான். மண்ணைக் கிளறி, முறிந்த முனைகளைச் சீவி, ஒட்டுகிற மிஷினில் வைத்தேன். இரண்டு தடவை மிஷின் ஒத்துக்கொள்ளவில்லை. மாமா கட்டிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

“மிஷின் சரியில்லையா தாயி, கை சரியில்லையா?”

“ஒங்க மரந்தான் மாமா சரியில்ல.”

“மரம் காய்க்குதுல்ல.”

மூன்றாவது தடவை ஒட்டிக்கொண்டது. இவர் பார்ப்பதெல்லாம் மாட்டுவண்டிப் பந்தய வீடியோ. அதற்கு நான் வெயிலில் குத்தவைத்து உட்கார வேண்டும்.

ஜூன் 4

இட்லிக்கு அரைத்தேன். இந்த வார முறை தலைவர் வெங்கடபதி அண்ணாச்சி வீடு. எங்கள் சங்கத்தில் லைன்மேன் என்று தனியாகக் கிடையாது. வாரம் ஒரு வீடு முறை. முறைவீட்டு ஆள் ஏணியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு அறுபத்திரண்டு வீட்டுக்குள்ளும் போய்ப் பெட்டியைத் துடைத்து, வயரைப் பார்த்து, லைட் பச்சையாக எரிகிறதா என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். போகிற வீட்டில் எல்லாம் காபி உண்டு. அண்ணாச்சி தலைவர் என்பதால் நாலு வீட்டோடு காபி போதும் என்று திரும்பிவிட்டார். மீதியை நான் பார்த்தேன்.

ஜூன் 9

தலையில் கல்லைப் போட்டுவிட்டார்கள். கோவில்பட்டி ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்களாம். ஆகஸ்ட் முதல் தேதி ஜேசிபி வரும். ரோட்டோரமாக வரும் எங்கள் மூலலைனை அதற்குள் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மண்ணோடு போகும்.

எங்கே எடுத்துக்கொண்டு போவது? ரோட்டுக்கு அந்தப் பக்கம் மில் சுவர். இந்தப் பக்கம் கண்மாய்க்கரை, அதில் கை வைக்க முடியாது. ஒரே வழி, ஓடைப் பாலம் தாண்டி கிழக்குத் தெரு வழியாக வருவது. ஊரில் எல்லாரும் காலனி என்பார்கள். இருபத்தெட்டு வீடு. அவர்கள் பட்டா நிலத்தில், அவர்கள் சந்தில், அவர்கள் சம்மதத்தோடு.

மதியம் சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூன் 10

பழைய தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நாலு வருஷத்துக்கு முன்பு நானே எழுதியது: ‘கேபிள் போதாமையால் கிழக்குத் தெருவுக்கு அடுத்த கட்டத்தில் இணைப்பு வழங்கப்படும்.’ என் கையெழுத்து அப்போது நன்றாக இருந்திருக்கிறது.

புறக்கடையில் ஒரு கேபிள் டிரம் மிச்சம் இருப்பது உண்மைதான். தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன், மேலே கோழி அடைகிறது. அது வேறு ரகக் கேபிள். அப்படித்தான் ஞாபகம்.

ஜூன் 13

கமிட்டி கூடியது. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே சொன்னார்: “அவுகளுக்கும் லைன் குடுத்துருவோம். சந்தோசமாச் சம்மதிப்பாக.” இரண்டு வருஷம் முன்பே அவர்கள் தனியார் கம்பெனி லைன் வாங்கிவிட்டார்கள் என்று நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. ஓடைக்குளத்துக்குள் கம்பெனியை விடவே மாட்டோம் என்று நாங்கள் மார்தட்டிக்கொண்டிருந்தபோது அவன் பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டான்.

அவர்களோடு பேச என்னை அனுப்பினார்கள். பொம்பளை போனால் சண்டை வராதாம்.

ஜூன் 16

நான் அங்கே போவதா அவர்கள் இங்கே வருவதா என்ற பேச்சே வேண்டாம் என்று பாலத்தில் சந்தித்தோம். பாலத்துச் சுவரில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டோம். அங்கிருந்து மூன்று பேர். பேசியது எல்லாம் அமுதராணிதான். முப்பத்து மூன்று வயதிருக்கும். ஆறு வருஷமாகக் கோவில்பட்டியில் ஒரு காண்ட்ராக்டரிடம் ஃபைபர் ஒட்டுகிற வேலை. என்னை அக்கா என்றாள். அவள் அம்மா என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் வயதில் மூத்தவள், அக்கா என்பதில் என்ன இருக்கிறது.

நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். லைன் போக வழி விடுங்கள், உங்களுக்கும் இணைப்பு தருகிறோம் என்றேன்.

“லைனக் கம்பெனிக்காரனே குடுத்துட்டான்க்கா. எங்களுக்கு லைன் வேணாம். சங்கம் வேணும்.”

“சங்கம்னா?”

“இருபத்தெட்டு வீடும் உறுப்பினர். ஓட்டு இருக்கணும். ஒங்களுக்கு மாதிரி எங்களுக்கும் முறை வரணும்.”

கம்பெனி போதாதா என்று கேட்டேன். அவள் கூட வந்திருந்த பெரியவர் வாயைத் திறந்தார். போன மாசம் ஒன்பது நாள் லைன் இல்லையாம். போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம். பிறகு இந்தியில் ஒருத்தன். பேத்திக்கு வேலைக்கு ஆன்லைன் இன்டர்வியூ, அவளைப் பஸ் ஏற்றிக் கோவில்பட்டி கடைக்கு அனுப்பினாராம். “ஒங்க ஊர்ல லைன் போனா ஒரு மணி நேரத்துல நீங்க வந்து நிக்கீகளாமே தாயி. அதப் பாத்துட்டுத்தான் கேக்கோம்,” என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. மறைப்பானேன்.

ஜூன் 18

அமுதராணி கேபிளைப் பார்க்க வந்தாள். வீட்டுக்குள் சாமான் இறைந்து கிடந்ததால் பக்கவாட்டுச் சந்து வழியாகப் புறக்கடைக்குக் கூட்டிப்போனேன். கோழியை விரட்டித் தார்ப்பாயை எடுத்தேன். கேபிள் மேல் அச்சடித்திருந்த எண்ணைக் குனிந்து படித்தாள்.

“ஊருக்குள்ள போட்டிருக்கிற அதே கேபிள்தான்க்கா. எங்க தெரு முழுக்கப் போட்டாலும் மிஞ்சும்.”

நான் கோழிக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்நேரம் பார்த்துக் கொண்டுசாமி மாமா வீட்டு வளைவு மறுபடி முறிந்தது. நான் மிஷினை எடுத்துக்கொண்டு கிளம்ப, அவளும் கூட வந்தாள். இரண்டு தடவை எனக்கு ஒட்டவில்லை. “குடுங்கக்கா,” என்று வாங்கினாள். முதலில் மிஷினின் வாயைப் பஞ்சால் துடைத்தாள். முனையைச் சீவினாள், வைத்தாள், மூடினாள், ஒட்டிவிட்டது. ஒட்டில் சிக்னல் இழப்பு சுழி என்று காட்டியது. நாலு வருஷத்தில் என் கையில் ஒருநாளும் சுழி வந்ததில்லை.

மாமா கட்டிலில் இருந்து எழுந்தே வந்துவிட்டார். “ஏம்மா, இந்த வளைவுக்கு என்ன செய்யலாம்?” என்று கேட்டார். நாலு வருஷமாக என்னிடம் கேட்காத கேள்வி. வளைவில் ஒரு வட்டம் தளர்வாக விட்டுப் புதைத்தால் போதும், மரத்தை வெட்ட வேண்டியதில்லை என்றாள். பத்து நிமிஷ வேலை. செய்தும் கொடுத்தாள். மாமா அவளைக் கட்டிலில் உட்காரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே மோர் குடித்தாள்.

கிளம்பும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்: “எங்களுக்கு முறை வந்தா மொத வீடு ஒங்க வீடுதான்க்கா. அந்தப் பெட்டிய எப்படி மாட்டிருக்கீகன்னு பாக்கணும்.”

வரட்டும். நல்ல வேலைக்காரி.

ஜூன் 19

தலைவலி.

ஜூன் 25

ஊருக்குள் சேதி பரவிவிட்டது. குழாயடியில் அண்ணாச்சி சம்சாரம் கமலவேணி மதினி என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

“சங்கத்துல சேக்கட்டும், வேணாங்கல. முறையுமா குடுக்கணும்? நம்ம வீட்டுப் பெட்டி எங்க இருக்குன்னு ஒனக்குத் தெரியாதா செம்பகம்? சாமி படத்துக்குக் கீழ.”

“கோளாறு பாக்கத்தான வாராக மதினி. குடியிருக்கவா வாராக?”

“நீ படிச்சவ. பேசிருவ.”

நன்றாகத் திட்டிவிட்டுத்தான் வந்தேன். எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டேன். கையில் ஸ்மார்ட்போன், வாயில் இந்தப் பேச்சு. சாயங்காலம் வரை மனசு ஆறவில்லை. இந்த ஊரை நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது.

ஜூன் 28

எங்கள் வீட்டுப் பெட்டியை நடுவீட்டுச் சுவரில் இருந்து கழற்றி, முன்வாசல் நடையில் மாட்டினேன். வெகுநாளாகச் செய்ய நினைத்திருந்தது. உள்ளே காற்றோட்டம் இல்லை, பெட்டி சூடாகிறது. வீட்டுக்காரர் சிவகாசியில் இருந்து வந்ததும், ஏன் இடம் மாற்றினாய், உள்ளறையில் சிக்னல் வரவில்லையே என்று கேட்டார். லாரி ஆபீஸில் பில் எழுதுகிறவருக்கு இதெல்லாம் என்ன தெரியும். சூடு என்று சொன்னேன்.

ஜூலை 2

கம்பெனிக்காரன் தலைவர் வீட்டுக்கு வந்து போயிருக்கிறான். வழுவழுப்பான பையோடு. ஊர் லைனை அப்படியே அவர்களிடம் கொடுத்துவிட்டால், பாலத்தடியில் இருக்கும் அவர்கள் லைனில் இருந்து ஒரே நாளில் இணைத்துவிடுவார்களாம். குழி தோண்ட வேண்டாம், முறை வேண்டாம், கூட்டம் வேண்டாம். கோளாறு என்றால் கம்பெனிச் சட்டை போட்ட ஆள் வருவானாம்.

“எந்த ஊர் ஆளு வருவான்னு கேட்டீகளா அண்ணாச்சி?”

“அது எதுக்கு நமக்கு? கம்பெனி ஆளு. வருவான், பாப்பான், போவான்.”

அதாவது அவன் யார் என்று தெரியாதவரை நடுவீடு வரைக்கும் போகலாம். முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அண்ணாச்சி கோபப்படவில்லை. “கூட்டத்துல பேசு. தடுக்கல,” என்றார்.

நாலு வருஷம். கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் எத்தனை தடவை நடந்திருப்பேன், எத்தனை கவுண்டரில் நின்றிருப்பேன். இதைப் போய் ஒருத்தன் பையில் போட்டுக்கொடுக்க முடியுமா? முடியாது. விடமாட்டேன்.

ஜூலை 8

கூட்டத்தில் பேச வேண்டியதை எழுதிப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது.

பச்சரிசி வாங்க வேண்டும்.

ஜூலை 11

அமுதராணி போன் செய்தாள். சந்தில் எந்த வழியாக லைன் போகலாம் என்று அளந்து படம் போட்டு வைத்திருக்கிறாளாம். அவர்கள் தெருவில் எந்த வீடு எந்த வாசலைத் தோண்டுவது என்று பிரித்தும் வைத்துவிட்டார்களாம். யாரும் சொல்லாமலேயே எங்கள் வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

“மிஷின் வேல ரெண்டு பேரும் பாத்துக்கலாம்க்கா. ஒங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு கெடைக்கும்.”

ஓய்வை நான் எப்போது கேட்டேன்? நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறாள். தெரிகிறது. ஆனாலும், நாளைக்கு இந்த ஊரில் லைன் போனால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. அவளைத்தான் கூப்பிடுவார்கள். நானே அவளைத்தான் கூப்பிடுவேன். போனை வைத்துவிட்டுப் பாத்திரம் எல்லாம் ஒருதடவை தேய்த்தேன், தேய்த்த பாத்திரத்தையும்.

ஜூலை 14

பொதுக்கூட்டம். பள்ளிக்கூட வராந்தாவில், சாயங்காலம் நாலு மணிக்கு. ஐம்பத்தெட்டு வீடு வந்திருந்தது. கண்மாய்க் கூட்டத்துக்குக்கூட இத்தனை பேர் வந்து பார்த்ததில்லை.

இரண்டே வழி என்று அண்ணாச்சி எடுத்துச் சொன்னார். ஒன்று, கிழக்குத் தெருவைச் சங்கத்தில் சேர்த்து, அந்தச் சந்து வழியாக லைனைக் கொண்டுவந்து, சங்கத்தை நாமே நடத்துவது. இரண்டு, கம்பெனியிடம் கொடுத்துவிடுவது.

நான் பேசினேன். அரை மணி நேரம். இது நாம் தோண்டிய குழி, நம் லைன் என்றேன். கம்பெனிக்கு நாம் வெறும் நம்பர் என்றேன். பக்கத்துத் தெருக்காரன் வீட்டுக்குள் வருவான் என்பதற்காகச் சொந்த லைனை விற்கிறவனை என்னவென்று சொல்வது என்றும் கேட்டேன். தொண்டை கட்டிக்கொண்டது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு ஒரு சீட்டு. சேர்ப்பதென்றால் 1, கொடுப்பதென்றால் 2. பெயர் கிடையாது. மசாலா டப்பாவில் போட்டோம். நானும் என் சீட்டை மடித்துப் போட்டேன்.

அண்ணாச்சி எண்ணினார். ஐம்பத்தேழு சீட்டில் 2. ஒரே ஒரு சீட்டில் 1.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “செம்பகம் கொள்கைக்காரி, மெச்சணும்,” என்றார் அண்ணாச்சி. கமலவேணி மதினி வந்து தோளைத் தட்டினார்கள். எனக்குப் பின்னால் இரண்டு பேர், பாவம் தனியாளாய் நின்னுட்டா என்று பேசிக்கொண்டார்கள். சீட்டு ரகசியம் என்பது சங்க விதி. அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

தீர்மானத்தை நானே எழுதினேன்.

ஜூலை 15

காலையில் கடைக்குப் போகையில் கொண்டுசாமி மாமா வாசலில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துரட்டியைச் சாத்தி வைத்தார்.

“ரெண்டு விழும்னு நெனச்சேன் தாயி,” என்றார்.

என்ன ரெண்டு என்று நான் கேட்கவில்லை. நாலு காய் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கடைக்குப் போகவில்லை.

ஜூலை 16

என் ஒரு சீட்டால் எதுவும் மாறியிருக்காது. ஐம்பத்தாறுக்கு இரண்டு ஆகியிருக்கும். அவ்வளவுதான். எப்படிக் கணக்குப் போட்டாலும் தோல்விதான். ஆகிற காரியத்தைத்தான் நானும் எழுதினேன். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இருந்தும் சோறு இறங்கவில்லை.

ஜூலை 17

அமுதராணி மூன்று தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 29

கம்பெனி ஆட்கள் வந்து ஒரே நாளில் இணைத்துவிட்டுப் போனார்கள். வீடுவீடாகப் பெட்டியை மாற்றினார்கள். எல்லார் வீட்டு நடுவீட்டுக்கும் செருப்புக் காலோடு போனார்கள். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. கமலவேணி மதினி அவர்களுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

ஒட்டுகிற மிஷினையும் எழுதிக் கொடுத்தாயிற்று. வந்தவன் அதைத் திறந்து பார்த்து, “பழைய மாடலு,” என்று சொல்லிக் கோணிச்சாக்கில் போட்டான்.

ஆகஸ்ட் 20

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. காலையில் போன் வருவதே இல்லை. பல் தேய்த்துவிட்டு, காபி குடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்டோபர் 6

ஐந்து நாளாக மேற்குத் தெருவில் லைன் இல்லை. பழக்கத்தில் இரண்டு பேர் எனக்குத்தான் போன் செய்தார்கள். கம்பெனி நம்பரைச் சொன்னேன். அண்ணாச்சி பேரனுக்குப் பரீட்சைக்குப் பணம் கட்ட நேற்று கடைசி நாளாம், ஆன்லைனில் கட்ட முடியவில்லையாம். அண்ணாச்சி என் வீட்டு வாசலில் வந்து நின்று, “நீயாச்சும் பாக்கக் கூடாதா செம்பகம்?” என்றார். எதை வைத்துப் பார்ப்பது என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு போனார். சந்தோஷமாக இருந்தது. இப்படி எழுதக் கூடாது, ஆனால் இருந்தது.

அக்டோபர் 19

மூன்று நாளாக எங்கள் வீட்டிலும் லைன் இல்லை. ஒன்றை அழுத்தி, இரண்டை அழுத்தி, பதிவு செய்திருந்தேன். பதினொரு மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை, தலையில் தொப்பி. தொப்பியைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது, அமுதராணி.

பழைய காண்ட்ராக்டர் தொழிலை விட்டுவிட்டாராம். ஒரு மாசமாகக் கம்பெனியில் வேலை. இருபத்தாறு ஊர் அவள் ஒருத்திக்கு. நம் ஊரில் இன்றைக்கு மட்டும் ஒன்பது வீடு பார்த்துவிட்டு வருகிறாள். கமலவேணி மதினி வீட்டிலும் சாமி படத்துக்குக் கீழே பார்த்தாயிற்றாம்.

“ஒண்ணும் சொல்லலியா?” என்றேன்.

“சட்டையப் பாத்தாக. தண்ணி வேணுமான்னு கேட்டாக.”

கம்பெனிக்காரன் மாட்டின இடத்தில், நடுவீட்டில், பெட்டியைத் திறந்து பத்து நிமிஷத்தில் சரி செய்தாள். மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் வயரைச் சுருட்டிக்கொண்டே பேசினாள்.

“இப்படி வரணும்னு நெனைக்கலக்கா. உறுப்பினரா வரணும்னு நெனச்சேன்.”

சுருட்டின வயரைப் பையில் வைத்தாள்.

“நீங்க போன எடுக்காதப்பவே புரிஞ்சுது. தோத்துப்போன சங்கடத்துல இருக்கீகன்னு. அந்தக் கூட்டத்துல நீங்க பேசுனதக் கேட்டவுக வந்து சொன்னாக. அம்பத்தேழு பேருக்கு எதிரா ஒத்த ஆளா நின்னீகளாமே. எங்க தெருவே பேசுச்சு. இங்க வேலைக்கு வரவே கூச்சமா இருந்துச்சு. அந்த ஊர்ல ஒரு வீடாவது நம்ம வீடு இருக்குன்னு எங்கம்மாதான் சொல்லி அனுப்புனாக.”

சொல்லியிருக்கலாம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அது நான் இல்லை, அது கொண்டுசாமி மாமா, நான் போட்டது 2 என்று ஒரு வாய் சொல்லியிருந்தால் போதும். வாய்வரைக்கும் வந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அதற்காக இல்லை. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

வேலை முடிந்ததற்கு அடையாளமாகப் போனுக்கு ஓர் எண் வரும், அதைச் சொல்ல வேண்டும் என்றாள். ஆறு இலக்கத்தையும் சொன்னேன். அடித்து முடித்து, தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள்.

“நேர்ல பாத்து நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன்க்கா.”

“அதுக்கென்ன, இருக்கட்டும்,” என்றேன்.